அனுப்பினால் அங்கேயே திறக்க வேண்டும்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பதற்குச் சாய்கோடு வாசிக்கத் தெரிய வேண்டும். ஊரிலிருந்து முதன்முறை வரும் உறவினரின் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். இல. 23/4, அடுத்து 3/2, அதன்பின் ஓர் ஒழுங்கையின் இலக்கம், கடைசியில் கொழும்பு 06. காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்பவருக்கு அது கணக்குப் பாடம். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அது வழி. 23ஆம் இலக்க வளவைப் பிரித்தபோது வந்த நான்காவது துண்டு 23/4. அதில் எழுந்த தொடர்மாடியில் மூன்றாம் மாடியின் இரண்டாவது வீடு 3/2. 06 என்றால் வெள்ளவத்தை. 13 என்றிருந்தால் ஆள் இறங்கியிருக்க வேண்டியது கொட்டாஞ்சேனையில்.

அந்தத் துண்டு கையில் இருந்தால் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிடத் தேவையில்லை. சந்தியில் ஒருவர் காத்து நிற்கத் தேவையில்லை. எழுதிக் கொடுத்தவர் நித்திரையாக இருந்தாலும் வருபவர் சரியான கதவைத்தான் தட்டுவார். முகவரி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. இணையச் செயலிகள் செய்வதே என் தொழில். இந்த ஒழுங்கைகளுக்குள் இருந்தபடியே செய்கிறேன். திரையின் உச்சியில் ஒரு வரியாக நிற்கும் முகவரியைப் பற்றித் தொழிலில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், சிக்கல் எங்கே பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய வகை இணையத்தளத்தில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சேர்வரிலிருந்து புதிய பக்கம் வரும், முகவரியும் கூடவே மாறும். ஒற்றைப் பக்கச் செயலியில் அப்படியில்லை. முதல் தடவை ஒரேயொரு பக்கம் இறங்கும். அதன்பின் பட்டியல், படம், படிவம் எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்ட் அதே பக்கத்துக்குள் மாற்றி மாற்றிக் காட்டும். திரை இடையில் வெள்ளையாகாது, எல்லாம் சட்டென்று நடக்கும். ஆனால் செய்பவர் தானாக மாற்றினால் ஒழிய முகவரி மாறாது. விருந்தாளியை மின்தூக்கியில் மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போய் வீட்டுக்குள் இருத்திவிட்டு, அவர் கையில் வெளிக் கேற்றின் இலக்கத்தை மட்டும் கொடுத்து அனுப்புவது போன்றது அது. அவர் நாளைக்குத் தனியே வந்தால் கேற்றடியில்தான் நிற்பார்.

*

2014இல் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு சிறு நிறுவனத்துக்காக மரண அறிவித்தல் செயலி ஒன்று செய்தோம். எங்கள் சனத்துக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளக்குவது கடினம். ஒரு தாய் வெள்ளவத்தையில் கண்மூடினால் அவருடைய பிள்ளைகள் ரொரன்ரோவில், லண்டனில், பாரிஸில், மெல்பேர்னில் இருப்பார்கள். யார் வருவது, எப்போது தகனம், எந்த நேரம் வரை உடல் வைக்கப்படும் என்ற எல்லாமே அந்த ஓர் அறிவித்தலைச் சுற்றித்தான் முடிவாகும். பத்திரிகையில் வருவது ஊருக்கு. இணையத்தில் வருவது உலகம் முழுக்கச் சிதறிய குடும்பத்துக்கு.

செயலி அழகாக இருந்தது. படங்கள் மெதுவாகத் தோன்றும், அறிவித்தலை அழுத்தினால் அது விரியும், மூடினால் பட்டியல் நின்ற இடத்திலேயே நிற்கும். முகவரி மட்டும் ஆரம்பத்தில் இருந்தபடியே இருந்தது. அதை நாங்கள் ஒரு குறையாகக்கூட நினைக்கவில்லை. பகிர்வதற்கென்று ஒரு பொத்தான் மூலையில் வைத்திருந்தோம்.

வெளியிட்டு ஒரு கிழமைக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தாயை இழந்த ஒருவர். குரலில் கோபம் இல்லை, களைப்பு மட்டும்தான்.

“தம்பி, அம்மாவின்ர அறிவித்தலைத்தான் எல்லாருக்கும் அனுப்பினனான். கனடாவில அக்கா திறந்தா வேற ஆரோ ஒரு ஐயாவின்ர படம் வருதாம்.”

“எந்த லிங்கை அனுப்பினீங்கள் அண்ணை?”

“மேல இருந்ததைத்தான். வேற எதை அனுப்புறது?”

அவர் அனுப்பியது முதற்பக்கத்தின் முகவரி. அவர் பார்த்தபோது திரையில் அவருடைய தாய் இருந்தார். அக்கா திறக்கும்போது புதிய அறிவித்தல்கள் வந்து முதற்பக்கம் நகர்ந்துவிட்டது. தாய் போன செய்தியைத் தொலைவில் இருந்தபடி எதிர்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு நாங்கள் அந்நியர் ஒருவரின் முகத்தைக் காட்டியிருந்தோம்.

வேற எதை அனுப்புறது? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. ஏனென்றால் அவர் செய்தது முழுக்கச் சரி. மேலே தெரிவதுதான் முகவரி என்று உலாவி அவருக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மூலையில் இருந்த எங்கள் பொத்தானை அவர் காணவில்லை, காணவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அன்று தொடங்கி எந்தச் செயலியைத் தொட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மேலே இருப்பதை எடுத்து அனுப்பினால், பெறுபவர் இதே திரையைக் காண்பாரா?

*

இந்தத் தவறில் நாங்கள் தனியாக இருக்கவில்லை. 2005 பெப்ரவரியில் கூகிள் மேப்ஸ் வந்தபோது வரைபடத்தை எவ்வளவு இழுத்தாலும் முகவரிப் பட்டை அசையவில்லை. அதனால் இந்தப் பக்கத்துக்கான தொடுப்பு என்று தனியாக ஒன்றை மூலையில் வைத்தார்கள். பிறகு பலரும் # குறியிடம் போனார்கள். முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவதை மாற்றினால் உலாவி புதிய பக்கத்தைக் கேட்காது. ஒரே பக்கத்தின் குறித்த பகுதிக்குத் தாவுவதற்கென்று உண்டான வசதி அது. ஒற்றைப் பக்கச் செயலிகள் அதைத் தம் நினைவேடாக ஆக்கிக்கொண்டன. ஜிமெயிலில் ஒரு கடிதத்தைத் திறந்து மேலே பார்த்தால் இன்றைக்கும் அந்தக் குறி நிற்கும்.

ஆனால் # குறிக்குப் பின்னால் இருப்பதை உலாவி சேர்வருக்கு அனுப்புவதே இல்லை. தபால்காரர் ஒழுங்கையின் பெயரை வாசிப்பார், வீட்டிலக்கத்தை வாசிக்கமாட்டார் என்றால் எப்படி இருக்கும்? சேர்வர் எல்லோருக்கும் ஒரே வெற்றுப் பக்கத்தைத்தான் தரும். மீதியை ஜாவாஸ்கிரிப்ட் வந்து நிரப்ப வேண்டும். தேடுபொறிகளால் அதை வாசிக்க முடியவில்லை. அதற்குத் தீர்வாக # குறியுடன் ஆச்சரியக்குறி சேர்த்து எழுதும் முறையை 2009இல் கூகிள் முன்வைத்தது. 2010இல் புதுப்பித்த டுவிட்டர் அதை ஏற்றது. 2011 பெப்ரவரியில் கோக்கர் நிறுவனத்தின் தளங்கள் அதே முறைக்கு மாறின. அங்கே ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று இறங்காமல் போனபோது, ஒரு கட்டுரையல்ல, தளங்கள் முழுதும் வெறுமையாயின. 2012இல் டுவிட்டர் அந்த முறையைக் கைவிட்டது. 2015இல் கூகிள் தன் முன்மொழிவையே விலக்கிக்கொண்டது.

இதற்கிடையில் சரியான கருவி வந்துவிட்டிருந்தது. எச்டிஎம்எல் 5 உடன் வந்த ஹிஸ்டரி ஏபிஐ, பக்கத்தை மீள இறக்காமலே உண்மையான முகவரியை மாற்ற இடம் கொடுத்தது. 2011 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4இலேயே அது இருந்தது. இன்ரநெற் எக்ஸ்புளோரருக்கு மட்டும் 2012இல் வந்த 10ஆம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014இல் எங்கள் கையெட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தன. நாங்கள்தான் கை நீட்டவில்லை. அழைப்பு வந்த இரவே அவசரமாக # குறியை வைத்து ஒவ்வோர் அறிவித்தலுக்கும் ஒரு முகவரி கொடுத்தோம். அவர் அடுத்த நாள் காலை குடும்பத்துக்கு மீண்டும் அனுப்பினார். இரண்டு மாதம் எடுத்துச் செய்த ஒழுங்கான வேலை அதற்குப் பிறகு வந்தது.

அந்த இரண்டு மாதத்தில் நான் அறிந்துகொண்ட ஒன்று, முகவரி மாற்றும் வேலை உலாவியோடு முடிவதில்லை என்பது. ஹிஸ்டரி ஏபிஐ கொடுக்கும் முகவரியை ஒருவர் நேரே திறந்தால் அது சேர்வரிடம்தான் போகும். அங்கே அதற்குப் பதில் இருக்க வேண்டும். பலர் சேர்வரில் ஒரு வரி எழுதி, எந்த முகவரி வந்தாலும் அதே முதற்பக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மனிதர் திறந்தால் அது போதும். வட்ஸ்அப் திறந்தால் போதாது. தொடுப்பை ஒட்டியதும் தோன்றும் அந்தச் சிறு முன்னோட்டப் பெட்டி ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. சேர்வர் முதலில் தரும் எச்டிஎம்எல்லில் எழுதியிருக்கும் தலைப்பையும் படத்தையும் அப்படியே எடுக்கும். ஆகவே ஒவ்வோர் அறிவித்தலுக்கும் அவரவர் பெயரும் படமும் சேர்வரிலிருந்தே போக வேண்டும். இல்லாத அறிவித்தலைக் கேட்டால் 404 என்ற இலக்கமும் உண்மையாகவே போக வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு வருபவரை உள்ளே இருத்தி வைப்பது மரியாதை ஆகாது.

*

இனி முகவரிக்குள் என்ன எழுதுவது? ஒருவருடைய பெயரை வைப்பதுதான் அழகு என்று முதலில் நினைத்தேன். தமிழிலேயே வைக்க விரும்பினேன். 2010 முதல் .இலங்கை என்ற தமிழ் உயர்மட்டப் பெயரே இணையத்தில் இருக்கும்போது முகவரியின் மீதிப் பகுதி மட்டும் ஏன் தமிழில் இருக்கக் கூடாது?

இருக்கலாம். ஆனால் அது பயணம் செய்யும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளவத்தை என்ற சொல்லில் ஆறு எழுத்துகள். யூனிகோடில் அவை 10 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வீதம் 30 பைட். முகவரியாகப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் % குறியும் இரண்டு எழுத்துமாக மாற, கையில் வருவது 90 எழுத்துகள். உலாவியின் பட்டையில் தமிழாகத் தெரிந்தது, குடும்பக் குழுவில் ஒட்டும்போது வாசிக்க முடியாத நீண்ட குவியலாகக் கிடக்கும். எழுபது வயதுப் பெரியம்மா ஒருவர் அதைப் பார்த்ததும் ஏதோ வைரஸ் என்று அழித்துவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாதவற்றை அழுத்த வேண்டாம் என்று அவருக்கு நாங்கள்தானே சொல்லி வைத்திருக்கிறோம்.

இன்னொரு பொறி கண்ணுக்கே தெரியாது. கொட்டாஞ்சேனை என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுங்கள். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு ஒன்று 12 குறி, மற்றது 13 குறி. பாமினி எழுத்துருவில் தட்டி யூனிகோடுக்கு மாற்றிய பெயர்கள் மாற்றியைப் பொறுத்து இப்படியும் வரும், அப்படியும் வரும். ஒரே சொல் இரண்டு முகவரியாகி, அதில் ஒன்று திறக்காமல் நிற்கும். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இதே கதை. அது ஸ, ஶ என்ற இரண்டு வேறு குறிகளில் எதில் தொடங்கியிருக்கிறது என்று பார்வைக்குப் பிடிபடாது. தமிழில் முகவரி வைப்பவர் எழுத்துகளை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பின்பே ஒப்பிட வேண்டும், ஸ்ரீயைத் தனியாகவும் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்யலாம். பெயரின் அடிப்படைக் குறை வேறு. ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் அதே பெயரை அண்ணன் ஒருவிதமாகவும் தங்கை இன்னொருவிதமாகவும் எழுதுகிறார்கள். அறிவித்தல் வெளியான பின் குடும்பம் அழைத்து ஓர் எழுத்தைத் திருத்தச் சொல்கிறது, திருத்தாமல் விட முடியாது. திருத்தும்போது முகவரியும் மாறினால் அதுவரை அனுப்பிய அத்தனை தொடுப்புகளும் அறுந்துவிடும். மாறக்கூடிய எதன்மேலும் முகவரியைக் கட்டக் கூடாது என்பதை அந்தத் திருத்தங்கள்தான் எனக்குக் கற்பித்தன. கலைக்களஞ்சியத்தில் தலைப்பே கட்டுரையின் அடையாளம் என்பதால் விக்கிப்பீடியாவுக்குத் தமிழ் முகவரி பொருந்துகிறது. இறந்தவரின் அறிவித்தலுக்கு இலக்கமே பொருந்தும். ஆகவே முகவரியில் ஆண்டும் இலக்கமும் வைத்தோம். பெயரும் படமும் முன்னோட்டப் பெட்டியில் முழுத் தமிழில் வரும். வாசிப்பவர் முகத்தை அங்கே காண்கிறார். இலக்கம் கீழே அமைதியாகத் தன் வேலையைச் செய்கிறது.

இதைச் செய்யும்போது எங்களுக்கு முன்னோடியாக இருந்தது நூலகம் திட்டம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இலக்கமுறையில் காக்க 2005இல் தொடங்கிய அந்தத் தளம் ஒற்றைப் பக்கச் செயலி அல்ல. எளிய அமைப்புத்தான். ஆனால் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. பீடிஎஃப் முகவரிகளைப் பார்த்தால் நூறு நூறாகப் பிரித்திருப்பது தெரியும். 263ஆம் நூல் 3ஆம் அடைவில், 263 என்ற கோப்புறைக்குள், 263 என்ற பெயரிலேயே இருக்கும். தலைப்பைத் திருத்தலாம், ஆசிரியர் பெயரின் எழுத்தைத் திருத்தலாம். எண் அசையாது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஈழத்து எழுத்தாளர்கள் பற்றிய கட்டுரைகள் பலவற்றின் அடியில் அந்த முகவரிகள் சான்றாக நிற்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் இது. ஒரு நூலை அடையும் வழி தொலைந்தாலும் வாசகருக்கு அந்த நூல் இல்லாததுதான் என்பதை அறிந்த கைகள் அந்த எண்களைக் கொடுத்திருக்கின்றன என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

*

இடத்தைப் போலவே காலமும் முகவரிக்குள் புகுந்துகொள்ளும். இன்றைய அறிவித்தல்கள் என்று ஒரு திரை வைத்திருந்தோம். ஒருவர் அதை அனுப்பினால் பெறுபவர் நாளைக்குத் திறப்பார், அப்போது இன்று என்பது வேறு. அதோடு ரொரன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே இரவு, இங்கே விடிந்துவிட்டது. உலாவியின் கடிகாரத்தை நம்பினால் தகனம் நடக்கும் நாளே மாறித் தெரியும். அதனால் இரண்டு முகவரிகள் செய்தோம். ஒன்று எப்போது திறந்தாலும் அன்றைய நாளைக் காட்டும். மற்றது கொழும்பு நேரப்படி ஒரு குறித்த திகதியை மட்டும் காட்டும். திரையிலிருந்து அனுப்பப்படுவது எப்போதும் திகதியுள்ள முகவரியே. உயிருள்ள முகவரியும் வேண்டும், நிலையான முகவரியும் வேண்டும். இரண்டையும் ஒன்றுபோலத் தெரியவைப்பதுதான் பிழை.

பக்க எண்ணும் அதே ஏமாற்றைச் செய்யும். மூன்றாம் பக்கம் என்று முகவரியில் எழுதினால், புதிய அறிவித்தல் வர வர உள்ளே இருப்பவை நகரும். 4127க்கு முந்தியவை என்று எழுதினால் அது என்றைக்கும் ஒரே இடத்தையே காட்டும். எழுதாமல் விடுவதிலும் கவனம் வேண்டும். வழக்கமான வரிசைதானே என்று முகவரியில் குறிப்பிடாமல் விட்ட ஒன்றை, ஓராண்டின் பின் நாங்கள் மாற்றியபோது பழைய தொடுப்புகள் எல்லாம் ஓசையின்றிப் பொருள் மாறின.

மொழியை முதலில் அவரவர் உலாவியில் தங்கும் குக்கியில் வைத்திருந்தோம். ஒரு மகன் சிங்களத் திரைக்கு மாற்றித் தன்னோடு வேலைசெய்யும் சிங்கள நண்பருக்கு அனுப்ப, நண்பருக்குத் தமிழ்த் திரையே வந்தது. மூன்று மொழி நாட்டில் மொழி ஒருவருடைய சொந்த விருப்பம் மட்டுமல்ல, அனுப்பும் பொருளின் ஒரு பகுதி. மொழிக்குரிய ஈரெழுத்துக் குறியை முகவரியின் தொடக்கத்திலேயே வைத்தோம். சிங்களத் திரைக்கு மாற்றி அனுப்பினால் சிங்களத்திலேயே திறக்கும்.

பிற்பாடு வேறொரு வேலையில், காலி வீதிப் புடைவைக் கடை ஒன்றுக்குச் சேலைகளைத் தெரிவுசெய்யும் திரை செய்தபோது, பின்செல்லும் பொத்தானின் அருமை தெரிந்தது. நிறம், விலை, துணி என்று தெரிவுகள் எல்லாம் கேள்விக்குறிக்குப் பின்னால் முகவரியில் சேரும். அக்கா லண்டனிலிருந்து அதே தெரிவைத் திறந்து தங்கையோடு பேசலாம். ஆனால் தேடல் பெட்டியில் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் வரலாற்றில் புதிய படியாகச் சேர்த்துவிட்டேன். காஞ்சிபுரம் என்று தட்டியவர் வெளியே வருவதற்குள் பின்செல்லும் பொத்தானைப் பல முறை அழுத்த வேண்டியிருந்தது. ஹிஸ்டரி ஏபிஐயில் புதிய படி சேர்ப்பதும் இருக்கிறது, இருக்கும் படியைத் திருத்துவதும் இருக்கிறது. இப்போது நான் பிரிக்கும் விதம் இது: ஆள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் சேர்க்கிறேன், நின்ற இடத்திலேயே எதையாவது சரிசெய்தால் திருத்துகிறேன். சேலையைத் திறப்பது போதல். விலைக் கோட்டை இழுப்பது சரிசெய்தல்.

முகவரியில் எது இருக்கக் கூடாது என்பதும் ஒரு பாடமாகத்தான் வந்தது. அறிவித்தலைத் திருத்துவதற்காகக் குடும்பத்துக்கு ஒரு தனித் தொடுப்பு கொடுத்தோம். அதில் இரகசியக் குறி ஒன்று நீளமாக இருக்கும், அதைத் திறந்தவர் திருத்தலாம். ஒரு பேரன் எது எதுவென்று தெரியாமல் அதையே நாற்பது பேர் இருக்கும் குழுவில் போட்டுவிட்டான். நல்லவேளை, எவரும் எதையும் தொடவில்லை. ஆனாலும் அன்று முழுக்க நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். முகவரி அனுப்பப்படுவதற்கென்றே பிறந்தது. உலாவியின் வரலாற்றில் நிற்கும், சேர்வரின் பதிவேட்டில் நிற்கும், யாருடைய குழுவிலும் போய் நிற்கும். அதில் வீட்டுத் திறப்பைக் கட்டித் தொங்கவிடக் கூடாது. இப்போது திருத்தும் தொடுப்பைத் திறந்ததும் தொலைபேசிக்கு வரும் ஒரு குறியீட்டைக் கேட்கிறோம். அதுவும் ஒரு தடவைக்கு மேல் செல்லாது.

*

எவ்வளவு காலத்துக்கு ஒரு முகவரி திறக்க வேண்டும்? உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற பொருளில் 1998இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தொழிலுக்கு வந்த புதிதில் அதை வாசித்து ஆமென்று தலையாட்டியதோடு சரி. அதன் பொருளை எங்கள் வீடுகளின் நாட்காட்டிதான் எனக்குப் புரியவைத்தது. எட்டுச் செலவுக்கு அதே அறிவித்தலைத் திறப்பார்கள். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குத் திறப்பார்கள். ஆண்டுத் திவசத்துக்கு அதே தொடுப்பைத் தேடி எடுத்து நினைவஞ்சலியோடு மீண்டும் அனுப்புவார்கள். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும். பிள்ளைகள் தாயை நினைக்கும் காலம் எவ்வளவோ அவ்வளவு காலம்.

நாங்களோ மூன்று தடவை செயலியை அடியிலிருந்து திரும்பக் கட்டிவிட்டோம். கருவிகள் மாறின, சேர்வர் மாறியது, முகவரியின் அமைப்பும் ஒரு தடவை மாற வேண்டி வந்தது. அப்போது நான் நினைத்தது எங்கள் வெள்ளவத்தையின் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை. அதற்கு முன்பு அது ஹை ஸ்ட்ரீட். பெயர்ப்பலகை மாறி எவ்வளவோ காலமாகியும் வயதான ஒருவர் ஓட்டோவில் ஏறி ஹை ஸ்ட்ரீட் என்றால் சாரதி மறுபேச்சின்றி அங்கேயே கொண்டுபோய் விடுகிறார். பழைய பெயரைச் சொன்னவரை இறக்கிவிடுவதில்லை. சேர்வரில் 301 என்ற பதில் அதைத்தான் செய்கிறது. இந்த இடத்துக்கு இப்போது இதுதான் பெயர் என்று சொல்லிவிட்டு ஆளையும் அங்கே கொண்டுபோய் விடுகிறது. பழைய முகவரிகளுக்கெல்லாம் அப்படி வழி வைத்தோம்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வைக்க முடியவில்லை. அந்த முதல் இரவு அவசரத்தில் # குறியோடு கொடுத்த முகவரிகள். # குறிக்குப் பின் உள்ளது சேர்வருக்கு வராததால் சேர்வர் அவற்றுக்கு வழிகாட்ட இயலாது. முதற்பக்கத்திலேயே ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் துண்டு இருந்து, பழைய குறி தெரிந்தால் புதிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். பன்னிரண்டு வரி. மூன்று தடவை திரும்பக் கட்டியபோதும் அந்தப் பன்னிரண்டு வரியை மட்டும் கையில் எடுத்து வந்து புதிய முதற்பக்கத்தில் வைத்தேன்.

போன வருடம் வேலைக்குச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி அதைக் கண்டு கேட்டாள்: “அண்ணா, இது பத்து வருசப் பழசு. ரெண்டு மாசம் மட்டும் பாவிச்ச லிங்குக்கு. எடுத்துவிடட்டா?”

எத்தனை பேர் அந்த வழியால் வருகிறார்கள் என்பதை அந்தத் துண்டு ஒரு வரியாகக் குறித்து வைக்கும். அந்தப் பதிவேட்டை இருவரும் சேர்ந்து திறந்தோம். பெரும்பாலான மாதங்களில் ஒருவர், இருவர். 2024இல் ஒரு நாளில் மட்டும் முப்பத்தாறு. எல்லோரும் ஒரே இலக்கத்துக்கு வந்திருந்தார்கள். அது யாருடைய இலக்கம் என்று தேடிப் பார்க்காமலே எனக்குத் தெரியும், அந்த முதல் இரவு அதை நான்தான் கையால் தட்டிப் பரிசோதித்தேன். அன்று அழைத்தவருடைய அம்மாவின் பத்தாம் ஆண்டு. யாரோ ஒரு பிள்ளை பழைய குழுவில் மேலே தேடிப்போய், அவர் அந்த இரவுக்கு அடுத்த நாள் காலை அனுப்பிய அதே தொடுப்பை எடுத்து மீண்டும் அனுப்பியிருக்க வேண்டும்.

அன்று எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை. முப்பத்தாறு பேரும் அழுத்தினார்கள், முப்பத்தாறு பேருக்கும் அவருடைய முகமே வந்தது.

தங்கச்சி அந்த வரிகளுக்கு மேலே, எடுக்க வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தாள்.